மூன்று வேலைக்கும் ஒரே ஃபிரேம்வொர்க் போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். நீங்களும் நண்பரும் சேர்ந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் நன்றாக வரும், நண்பருக்குப் பைத்தான். கையில் மூன்று வேலை. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு வெப்சைட். ஒரு டியூஷன் சென்டருக்கு மாணவர் சேர்க்கை, ஃபீஸ், வருகைப் பதிவு பார்க்கும் சாஃப்ட்வேர். நாமக்கல் லாரி உரிமையாளர்களுக்கு, வண்டி எங்கே ஓடுகிறது என்று மேப்பில் காட்டும் டாஷ்போர்டு. மூன்றையும் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற ஒரே ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கிலேயே, அதாவது அடிக்கடி தேவைப்படும் பகுதிகளை முன்பே எழுதிவைத்திருக்கும் ஒரே கோடுத் தொகுப்பிலேயே, செய்துவிட்டால் கற்பது ஒன்றோடு முடியுமே என்கிறீர்கள்.

செய்ய முடியும். ஆனால் நானாக இருந்தால் செய்யமாட்டேன். ஒரு வேலையை எடுத்ததும் அதில் நம்மைத் திணறவைக்கப் போகும் பகுதி எது என்று முதலில் பார்ப்பேன். அந்தப் பகுதியை முன்பே யோசித்துச் செய்துவைத்திருக்கும் ஃபிரேம்வொர்க் எது என்பது அடுத்த கேள்வி. சேலைக் கடையில் திணறல் படங்களில் வரும். டியூஷன் சென்டரில் கணக்கில் வரும். லாரி வேலையில் வண்டியிலிருந்து வந்து கொட்டும் தகவலில் வரும்.

எந்த ஃபிரேம்வொர்க்கும் யாரோ சிலருடைய அன்றாடத் தேவையிலிருந்து வந்ததுதான். அந்தத் தேவை என்னவென்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 2003-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு என்ற நாளிதழின் வெப் பிரிவில் உருவாகத் தொடங்கியது. ஏட்ரியன் ஹோலொவாட்டியும் சைமன் வில்லிசனும் பத்திரிகை அவசரத்தில் வேலை செய்தவர்கள். புதுப்புது விவரத் தொகுப்புகளைச் சீக்கிரம் வெளியிட வேண்டும், கோடு எழுதத் தெரியாத செய்தியாளர்கள் அவற்றை உள்ளிட வேண்டும். அதனால்தான் 2005-ல் பொதுவில் வெளியானபோதே ஜாங்கோவோடு அட்மின் பக்கமும், அதாவது விவரங்களை உள்ளிட்டுத் திருத்தும் தயார்நிலைத் திரையும், வந்தது. ரூபி மொழிக்கான ரூபி ஆன் ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற ப்ராஜெக்ட் மேலாண்மை சாஃப்ட்வேரிலிருந்து டேவிட் ஹைனமையர் ஹான்சன் பிரித்தெடுத்து 2004-ல் வெளியிட்டது. ஃபேஸ்புக் 2013-ல் வெளியிட்ட, திரையை மட்டும் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட் வேறு வகை. ஒரே தகவல் திரையின் பல மூலைகளில் தெரிகிறது, ஓரிடத்தில் மாறினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும். அந்தத் தேவைக்கான விடை அது. டேட்டாபேஸ் என்று ஒன்று இருப்பதே ரியாக்டுக்குத் தெரியாது.

நெக்ஸ்ட் ஜேஎஸ் 2016-ல் வந்து, ரியாக்ட் பக்கங்களை சர்வரிலேயே தயாரித்து அனுப்பும் வழியையும், எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று பிரிக்கும் ரவுட்டிங்கையும் சேர்த்தது. பிறகு நிறையவே வளர்ந்திருக்கிறது. இருந்தாலும் லாகின், அனுமதிகள், டேட்டாபேஸ் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஏற்பாடு), அட்மின், ஈமெயில் இதெல்லாம் இன்னமும் நீங்கள் தனித்தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டியவை. டேட்டாபேஸோடு பேசும் நூலகம் ப்ரிஸ்மாவா டிரிஸிலா, லாகினுக்கு எது என்று ஒவ்வொன்றும் ஒரு முடிவு; ஒவ்வொன்றுக்கும் தனி வெர்ஷன், தனி அப்டேட். இரண்டு பேர் இருக்கும் குழுவுக்கு அது சின்னச் சுமையில்லை.

டியூஷன் சென்டர் வேலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்றில் தவறாகத் தேர்ந்தால் அதிகம் வலிக்கப் போவது இதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் இது நான்கு ஃபார்மும் ஒரு டேபிளும். உள்ளே போனால் கதை வேறு. அண்ணன் தம்பி இருவர் படிக்கிறார்கள், பெற்றோர் ஒருவர்தான், இரண்டாவது பிள்ளைக்குக் கழிவு உண்டு. ஃபீஸை மூன்று தவணையாகக் கட்டச் சொன்னால் ஒருவர் ஒன்றரைத் தவணை கட்டுவார். செக் திரும்பி வரும். நடு வருடத்தில் ஒரு பிள்ளை பேட்ச் மாறும். ரசீது எண் விட்டுப்போகாமல் வரிசையாக வர வேண்டும். தப்பாகப் போட்ட ரசீதை அழிக்கக் கூடாது, ரத்து என்று குறிக்க வேண்டும், குறித்தது யார் என்றும் தெரிய வேண்டும். முன் மேசையில் இருப்பவர் பணம் வாங்கலாம், ஃபீஸ் தொகையை மாற்றக் கூடாது. இவையெல்லாம் டேபிள்களுக்கு இடையிலான உறவும் அனுமதியும் சார்ந்த விஷயங்கள். திரை அழகாக இருப்பதால் இதில் ஒன்றுகூடத் தீராது.

ஜாங்கோவில் மாணவர், பெற்றோர், பேட்ச், தவணை, ரசீது, வருகை என்று மாடல்களை (ஒவ்வொரு டேபிளிலும் என்னென்ன விவரம் என்று சொல்லும் கோடு) எழுதி மைக்ரேஷன் ஓட்டி, அட்மினில் பதிவு செய்தால் பட்டியல், தேடல், வடிகட்டல், திருத்தும் ஃபார்ம், அட்மின் வழியாக யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறு எல்லாம் கிடைத்துவிடும். சென்டர் நடத்துபவர் அதே வாரத்தில் உண்மையான பெயர்களை உள்ளிட்டுப் பார்த்து, ‘தம்பி, இதில் டிசி நம்பர் போட இடமில்லையே’ என்று சொல்ல முடியும். அந்த ஒரு பேச்சு நம் பல நாள் ஊகத்துக்குச் சமம். ஊழியர்களைக் குழுவாகப் பிரித்துக் குழுவுக்கு ஓர் அனுமதி என்ற ஏற்பாடும் உள்ளேயே இருக்கிறது. பணத்துக்குத் துல்லியமான டெசிமல் ஃபீல்டு வையுங்கள், தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். ரசீது எண் கொடுப்பதையும் பணம் பதிவதையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் இரண்டும் நடக்காது) வைத்து, கடைசி எண்ணை வைத்திருக்கும் டேபிள் வரியைப் பூட்டிவிட்டு எடுங்கள். இரண்டு மேசையில் ஒரே நேரத்தில் ரசீது போட்டாலும் ஒரே எண் இருவருக்கும் போகாது.

இதையே நெக்ஸ்டில் செய்தால் இத்தனை திரைகளையும் கையால் கட்டுவீர்கள். திரையில் ஒரு சரிபார்ப்பு, சர்வரில் அதே சரிபார்ப்பு மறுபடியும். கட்டி முடித்ததும் மிஞ்சுவது, ஜாங்கோ அட்மின் முதல் நாளே கொடுத்திருக்கக்கூடிய ஒன்றுதான்.

நண்பர் பைத்தான்காரர் என்பதால் ஜாங்கோ என்கிறேன். அவர் பிஎச்பி தெரிந்தவராக இருந்திருந்தால் பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல்லும் அதன்மேல் ஃபிலமென்ட் என்ற அட்மினும் என்று சொல்லியிருப்பேன். தரத்தில் எந்தக் குறையும் இல்லை. டெய்லர் ஆட்வெல் 2011-ல் தொடங்கிய லாராவெல்லில் வரிசையில் நின்று பின்னணியில் நடக்கும் வேலைகள், ஈமெயில், டைம்டேபிள் போட்டு ஓடும் வேலைகள் எல்லாம் ஜாங்கோவைவிட நேர்த்தியாகவே அமைந்திருக்கின்றன. ரூபி தெரிந்தால் ரெயில்ஸ். இந்த மூன்றுக்குள் எது என்று வாரக்கணக்கில் விவாதிப்பது வீண். குழுவில் யாருக்கு எந்த மொழி கைவந்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் வேலை செய்பவர்கள் மட்டும் சந்திக்கும் இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று அகரவரிசை. யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண்ணின் வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. யூனிகோடில் ‘ன’ வருவது ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவில், ‘ற’ வருவது ‘ர’வுக்கு அடுத்து. மாணவர் பெயர்களைத் தமிழில் வைத்து அப்படியே வரிசைப்படுத்தினால் வருகைப் பதிவேடு பள்ளிக்கூடத்து வரிசையில் வராது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் தமிழுக்கான ஐசியூ கொலேஷன், அதாவது வரிசைப்படுத்தும் விதி, இருக்கிறது, ஜாங்கோவில் ஒரு ஃபீல்டுக்கு இன்ன கொலேஷன் என்று சொல்லவும் முடியும். முதல் மைக்ரேஷனிலேயே வைத்துவிடுங்கள். இன்னொன்று ரசீதின் பிடிஎஃப். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாத பிடிஎஃப் நூலகங்கள் ‘கொ’வை உடைத்து, கொம்பைத் தப்பான பக்கத்தில் போடும். பைத்தானில் வீசிபிரின்ட் என்ற நூலகம் அந்த வேலையை, எழுத்துகளை வடிவமைக்கும் பாங்கோவிடம் ஒப்படைப்பதால் தமிழ் சரியாக வரும். பிரவுசரிலிருந்தே அச்சடிப்பதும் நல்ல வழி. எந்த நூலகத்தையும் எடுக்கும் முன் ‘கௌசல்யா’, ‘ஸ்ரீநிவாசன்’, ‘பொன்னி’ என்று மூன்று பெயர் போட்டு அச்சடித்துப் பாருங்கள்.

‘பக்கம் முழுக்க மறுபடி லோடு ஆகுமே, பழைய காலத்து உணர்வு வருமே’ என்று உங்கள் மனதில் ஓடலாம். வருகைப் பதிவில் ஒரு பெயரைத் தொட்டதும் அந்த வரி மட்டும் மாற வேண்டுமென்றால் எச்டிஎம்எக்ஸ் போதும். கார்சன் கிராஸ் எழுதிய சிறிய நூலகம் அது. சர்வர் எச்டிஎம்எல் துண்டை அனுப்பும், அது உரிய இடத்தில் போய் உட்காரும். தனியாக ஏபிஐ (இன்னொரு ப்ரோகிராம் தகவல் கேட்டு வாங்கும் வழி) எழுத வேண்டாம், திரைக்கென்று தனி ஃபிரன்ட்எண்ட் ப்ராஜெக்டும் வேண்டாம்.

நீங்கள் எந்த ஃபிரேம்வொர்க்கை எடுத்தாலும் அனுமதிச் சோதனையைத் தகவலை எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். 2025 மார்ச்சில் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் ஓர் ஓட்டை வெளியானது: கோரிக்கையோடு குறிப்பிட்ட ஒரு ஹெடரை (கூடுதல் தலைப்பு வரி) சேர்த்து அனுப்பினால், வாசல் காவலர் போல முதலில் சோதிக்கும் மிடில்வேர் ஓடாமலே கோரிக்கை உள்ளே போய்விடும். லாகின் சோதனையை மிடில்வேரில் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய ஆபத்து. அதைச் சரிசெய்துவிட்டார்கள், இதுபோன்ற ஓட்டை நாளை வேறெங்கும் வரலாம். உங்களிடம் இருக்கப் போவது பிள்ளைகளின் விவரம். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே அதற்கு ஓர் இடம் விடுங்கள்.

சேலைக் கடைக்கு வருவோம். இருநூறு சேலை, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து படம், விலை, ‘வாட்ஸ்ஆப்பில் கேளுங்கள்’ என்று ஒரு பட்டன். பணம் வெப்சைட்டில் கைமாறப் போவதில்லை. இங்கே நான் கேட்கும் முதல் கேள்வி, புதுச் சேலை வந்தால் படம் ஏற்றப் போவது யார் என்பதே. கடைக்காரர் வீட்டில் ஒருவர் போனிலிருந்து ஏற்றுவார் என்றால் வேர்ட்பிரஸ். உலகின் வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அதைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் கிடைப்பார். ப்ளக்இன்களைக் குறைவாக வையுங்கள், தானாக அப்டேட் ஆகும்படி விடுங்கள். மாதம் ஒருமுறை உங்களுக்கு அனுப்பினால் நீங்களே மாற்றித் தருவீர்கள் என்றால் ஆஸ்ட்ரோ அல்லது ஹ்யூகோ என்ற கருவி கொண்டு ஸ்டாட்டிக் பக்கங்களாக, அதாவது முன்பே தயாரித்து வைத்த பக்கங்களாகச் செய்துவிடுங்கள். சர்வரில் ஓடும் கோடே இல்லை, உடைத்து நுழைய அங்கே கதவும் இல்லை.

நெக்ஸ்டிலும் ஸ்டாட்டிக்காக எடுக்க முடியும் என்பீர்கள். முடியும்; ஆனால் ரியாக்டும் கூடவே இறங்கும். சேலைப் படத்தைப் பார்க்க வந்தவருக்கு அது எதற்கு? ஒரே எடையுள்ள படமும் ஜாவாஸ்கிரிப்டும் போனுக்கு ஒரே சுமை இல்லை. படத்தை விரித்துக் காட்டினால் முடிந்தது. ஸ்கிரிப்டைப் படித்து, புரிந்து, ஓட்ட வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் அது கண்ணுக்குத் தெரிகிற தாமதம். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். போனில் எடுத்த நாலு எம்பி படத்தை அப்படியே போட்டால் எந்த ஃபிரேம்வொர்க்கும் அந்தக் கெடுவுக்குள் வராது. திரை அளவுக்கு ஏற்பப் பல அளவுகளில் வெப்பி அல்லது ஏவிஐஎஃப் என்ற சிறிய பட வடிவங்களாக மாற்றுவதும், சரிகையின் நிறம் சுருக்கத்தில் மங்காமல் பார்ப்பதும்தான் இங்கே உண்மையான உழைப்பு. டொமைன் பெயரைக் கடைக்காரர் பெயரிலேயே வாங்குங்கள். அது அவர் சொத்து.

பின்னால் அவர் ஆன்லைனில் விற்க விரும்பினால், வேர்ட்பிரஸ்ஸுக்கான கடை ப்ளக்இன் வூகாமர்ஸ் அல்லது ஆன்லைன் கடைச் சேவையான ஷாப்பிஃபை. பணம் வாங்கும் பக்கத்தை நீங்களே எழுத முனையாதீர்கள்.

லாரி டாஷ்போர்டுக்கு நீங்கள் யோசித்திருப்பது வெப்சாக்கெட் (இரு பக்கமும் பேசத் திறந்தே இருக்கும் இணைப்பு), நோட் ஜேஎஸ் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்), ரியாக்ட் என்று நினைக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 வண்டி, பத்து விநாடிக்கு ஒரு தகவல் என்றால் விநாடிக்கு 30. எந்த சர்வருக்கும் இது பொருட்டே இல்லை. ஆனால் ஒரு வண்டிக்கு ஒரு நாளில் டேபிளில் 8,640 வரி சேரும். 300 வண்டிக்கு ஏறத்தாழ 26 லட்சம். ஒரே மாதத்தில் ஏழரைக் கோடியைத் தாண்டிவிடும். ‘போன செவ்வாய்க்கிழமை வண்டி சங்ககிரியில் எத்தனை மணி நேரம் நின்றது’ என்று உரிமையாளர் கேட்கும்போதுதான் உங்கள் தேர்வு சரியா தப்பா என்று தெரியும். அந்தக் கேள்விக்கு விடை, போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இடங்களைக் கையாளக் கற்றுத்தரும் போஸ்ட்ஜிஐஎஸ், நாள்வாரியாகப் பிரித்த டேபிள், பழையதைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு. வெப் ஃபிரேம்வொர்க் இந்தப் பேச்சிலேயே வருவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிகளில் பெரும்பாலானவை, வெப்சைட்டுகள் பேசும் எச்டிடிபி முறையில் பேசாது. நேரடி டிசிபி இணைப்பில், ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு வடிவத்தில், பைனரியாகவோ தனி எழுத்து வடிவிலோ அனுப்பும். நெக்ஸ்ட், ஜாங்கோ எதுவும் அதை வாங்கிக்கொள்ள எழுதப்பட்டதில்லை. ட்ராக்கார் என்ற ஓப்பன் சோர்ஸ் சர்வர் நூற்றுக்கணக்கான கருவி வடிவங்களைப் புரிந்துகொள்ளும். வாங்கும் வேலையை அதனிடம் விட்டுவிட்டு, அதன் ஏபிஐ மேல் உங்கள் டாஷ்போர்டைக் கட்டுங்கள். அந்த வடிவங்களை நீங்களே பிரித்துப் படிக்கத் தொடங்கினால் ப்ராஜெக்டே அதிலேயே போய்விடும்.

மேப் திரைக்கு மட்டும் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் முழுதாகப் பயன்படும். ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் எதுவானாலும் சரி. லாகினுக்குப் பின்னால் இருக்கும் திரை, கூகுள் தேடலில் வர வேண்டியதில்லை. ஆகவே நெக்ஸ்டின் சர்வர் பகுதி இங்கே தேவைப்படாது, வீட் (Vite) என்ற தொகுப்புக் கருவி போட்ட வெறும் ரியாக்ட் போதும். மேப் நூலகங்களான லீஃப்லெட்டோ மேப்லிப்ரேயோ தன் படத்தைத் தானே வரையும். வண்டிக் குறிகளை ரியாக்டின் ஸ்டேட்டுக்குள் (மாறினால் திரையை மறுபடி வரையவைக்கும் நினைவு) வைத்து ஒவ்வொரு நகர்வுக்கும் மொத்தத் திரையையும் மறுபடி வரையவிடாதீர்கள்; மேப் நூலகத்திடம் நேரே சொல்லி நகர்த்துங்கள். வெப்சாக்கெட் அவசியமா என்றும் யோசியுங்கள். தகவல் சர்வரிலிருந்து திரைக்கு ஒரே திசையில்தான் போகிறது. அதற்கு, சர்வர் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் முறை போதும், இணைப்பு அறுந்தால் பிரவுசரே மறுபடி பிடித்துக்கொள்ளும். நாற்பது பேர் பார்க்கும் திரை என்றால் 15 விநாடிக்கு ஒருமுறை கேட்டு வாங்கினால்கூட விநாடிக்கு மூன்று கோரிக்கை வராது. இரண்டு பக்கமும் ஓயாமல் பேசும் வேலை, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாட் செய்யும் வேலை என்றால் எலிக்ஸிர் மொழியில் எழுதிய ஃபீனிக்ஸ் ஃபிரேம்வொர்க்கைப் பார்க்கச் சொல்வேன். அதன் அடியில் இருக்கும் எர்லாங், எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கியது. வாட்ஸ்ஆப் சர்வர்களும் அதில்தான் எழுதப்பட்டன.

‘ஜாங்கோ ஸ்கேல் ஆகுமா, லட்சக்கணக்கானோர் வந்தால் தாங்குமா’ என்று அடுத்து யாராவது உங்களிடம் கேட்பார்கள். இன்ஸ்டாகிராம் ஜாங்கோவில் வளர்ந்தது. கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் ரெயில்ஸ். சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் ரெயில்ஸில் எழுதப்பட்டதுதான். விக்கிப்பீடியா பிஎச்பி. நம் அளவிலான சாஃப்ட்வேர் மெதுவாக ஓடினால் காரணம் பெரும்பாலும் டேட்டாபேஸைக் கேட்கும் விதத்தில் இருக்கும். நாற்பது மாணவர் பட்டியலைக் காட்ட, ஒவ்வொருவருடைய பெற்றோருக்கும் ஒரு கேள்வி என்று 41 முறை டேட்டாபேஸைக் கூப்பிடுவது இதில் வெகு சாதாரணமாக நடக்கும். ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் என்று ஒரு சொல் சேர்த்தால் அது ஒரே கேள்வியாகிவிடும்.

வேகத்தைவிட ஆயுளை அதிகம் பாருங்கள். டியூஷன் சென்டர்காரர் இந்த சாஃப்ட்வேரை ஏழெட்டு வருடம் ஓட்டுவார். கூகுளின் ஆங்குலர் ஜேஎஸ் 2010-ல் வந்தது. 2016-ல் வந்த ஆங்குலர் 2 முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது, பழைய கோடு அப்படியே மாறவில்லை. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-ல் முடிந்தது. பல வருடம் எல்லாப் பாடத்திலும் சொல்லித்தரப்பட்ட, ரியாக்ட் ப்ராஜெக்டைத் தொடங்கித்தரும் கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். நெக்ஸ்டிலேயே பக்கங்களை அமைக்கும் வழி, பழைய பேஜஸ் முறையிலிருந்து ஆப் ரவுட்டர் முறைக்கு வந்தபோது யோசிக்கும் விதமே மாறியது. ஜாங்கோவில் நீண்ட கால ஆதரவுள்ள வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் வரும். 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது. வருடப் பராமரிப்புக்கு நீங்கள் எழுதித்தரும் தொகையில் இந்த வித்தியாசம் நேரடியாகத் தெரியும்.

பெரிய வங்கி, காப்பீடு, அரசு வேலைகளில் ஜாவாவின் ஸ்பிரிங் பூட், மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட், ஆங்குலர் ஏன் நிலைத்திருக்கின்றன என்பதற்கும் இதே காரணம்தான். ஐம்பது பேர் பத்து வருடம் தொடப்போகும் கோடில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியாக வேண்டும். இருவர் குழுவுக்கு அந்தக் கட்டுக்கோப்பு சுமை. எந்திரக் கற்றல் மாடல் ஒன்றை ஏபிஐயாகத் திறந்துவிடும் சின்ன வேலைக்குப் பைத்தானின் ஃபாஸ்ட்ஏபிஐ அழகாகப் பொருந்தும். வேலைவாய்ப்புக்காக எதைக் கற்பது என்பது தனிக் கேள்வி. அதற்கு ரியாக்ட் என்று தயங்காமல் சொல்வேன்.

நெக்ஸ்டையே எங்கே எடுப்பேன்? பொதுமக்கள் தேடி வரும் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, ஒவ்வொன்றிலும் பிரவுசரில் நடக்கும் வேலையும் நிறைய இருந்தால். வீடு தேடும் தளம், பயண முன்பதிவு, வடிகட்டல் நிறைந்த பெரிய ஆன்லைன் கடை. அங்கே அதன் சிக்கலுக்கெல்லாம் கூலி கிடைக்கிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே டியூஷன் சென்டருக்குப் போய், போன வருட ஃபீஸ் நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் இரண்டு நாள் இரவல் கேட்பேன். அதில் அடித்துத் திருத்திய இடங்கள், ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். நண்பர் அதைப் பார்த்து மாடல்களை எழுதட்டும். அதற்குள் நீங்கள் சேலைக் கடைப் படங்களை முடித்துவிடலாம். லாரிக்காரர்களிடம் எந்தக் கம்பெனி ஜிபிஎஸ் கருவி மாட்டியிருக்கிறது, மாடல் எண் என்ன என்று கேட்டு வாங்கி, ட்ராக்காரின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதில் வந்த பிறகு அவர்களுக்கு விலை சொல்லுங்கள்.